கண்டன்சரில் அச்சிடாத எண்

1980-களில் அம்பத்தூர் தொழிற்பேட்டையின் சிறு யூனிட் ஒன்றில் செய்த டைமரையோ வெப்பக் கட்டுப்பாட்டுப் பெட்டியையோ இன்று திறந்து பார்த்தாலும் உள்ளே பழக்கப்பட்ட முகங்கள்தான் இருக்கும். மூலையில் கனமான டிரான்ஸ்பார்மர். நான்கு 1என்4007 டயோடுகள். கட்டைவிரல் தடிமனில் ஒரு எலக்ட்ரோலிட்டிக் கண்டன்சர். அலுமினியத் தகட்டில் திருகிய 7805 ரெகுலேட்டர். அதன் கால்களுக்குப் பக்கத்தில் 0.1 மைக்ரோஃபாரட் டிஸ்க் ஒன்று.

பாடியில் லூகாஸ் டி.வி.எஸ்., அம்பத்தூரில் டி.ஐ. சைக்கிள்ஸ், டன்லப் என்று பெரிய ஆலைகள் நிமிர்ந்த வட்டாரத்தில் 1960-களில் அரசு அமைத்த பேட்டை இது. லேத், பிரஸ், பிளேட்டிங் என்று இரும்பு வேலைதான் அதிகம். அந்த இயந்திரங்களுக்குக் கண்ணும் கணக்கும் தேவைப்பட்டதால் மின்னணுப் பெட்டி செய்யும் சிறு யூனிட்களும் கூடவே வளர்ந்தன. உதிரிப்பாகம் வேண்டுமென்றால் பட்டரவாக்கத்தில் மின்சார ரயில் ஏறி, சென்ட்ரலில் இறங்கி, ரிச்சி தெருவுக்குப் போவார்கள். கடைக்காரரிடம் இரண்டு எண்கள் சொன்னால் போதும்: எத்தனை மைக்ரோஃபாரட், எத்தனை வோல்ட். இரண்டும் கண்டன்சரின் மேலேயே அச்சிட்டிருக்கும். மூன்றாவதாக ஓர் எண் உண்டு என்பதைக் கேட்கவேண்டிய தேவையே அன்று வரவில்லை. வராததற்குக் காரணம் 7805-க்குள்ளே இருந்தது.

மூன்று கால் ரெகுலேட்டரை முதலில் உருவாக்கியவர் பாப் விட்லர். 1970-ஐ ஒட்டி நேஷனல் செமிகண்டக்டர் நிறுவனத்துக்காக அவர் செய்த எல்.எம்.109, 5 வோல்ட்டில் 1 ஆம்பியர் தரும். அதே வழியில் ஃபேர்சைல்டு கொண்டுவந்ததுதான் 7800 வரிசை. மின்னோட்டத்தைச் சுமக்கும் பெரிய டிரான்சிஸ்டர் இவற்றில் என்.பி.என். வகை, அதன் எமிட்டர்தான் வெளிவாசல். எமிட்டர் வழியாக வெளியே வரும் சுற்றுக்கு வெளியீட்டு மின்மறுப்பு இயல்பாகவே குறைவு. லோடு கூடினாலும் குறைந்தாலும், வாசலில் எந்தக் கண்டன்சரைத் தொங்கவிட்டாலும், உள்ளே இருக்கும் பின்னூட்ட வளையம் பெரிதாகக் கலங்காது. டேட்டாஷீட்டில் உள்ளே 0.33, வெளியே 0.1 மைக்ரோஃபாரட் என்று போட்டிருக்கும். உள்பக்கம் வைப்பது, ஃபில்டர் கண்டன்சர் ரெகுலேட்டரிலிருந்து தள்ளி இருந்தால் இடையிலுள்ள கம்பியின் தூண்டலைச் சமாளிக்க. வெளிப்பக்கம் வைப்பது, லோடு திடீரென்று மாறும்போது கைகொடுக்க. நிலைத்தன்மைக்கு அது கட்டாயமே இல்லை.

ஆகவே அன்றைய அம்பத்தூர்க்காரர் தன் திறமையையெல்லாம் செலவிட்டது வெளிப்பக்கத்தில் அல்ல, உள்பக்கத்தில். எதிரி, லோ வோல்டேஜ். கோடையில் எல்லா யூனிட்டும் ஒரே நேரத்தில் ஓடும்போது 230 வோல்ட் வரவேண்டிய இடத்தில் 170 வந்தால் பெட்டி தாங்கவேண்டும். கணக்கைப் போட்டுப் பாருங்கள். 9 வோல்ட் டிரான்ஸ்பார்மர் அந்த நேரத்தில் 6.65 வோல்ட்தான் தரும். அதன் உச்சம் 9.4. பிரிட்ஜில் இரண்டு டயோடு 1.4-ஐ எடுத்துக்கொண்டால் மிச்சம் 8 வோல்ட். 7805 சரியாக வேலை செய்ய உள்ளே ஏறத்தாழ 7 வோல்ட் வேண்டும். கையிருப்பு ஒரே ஒரு வோல்ட். லோடு அரை ஆம்பியர் என்றால், 100 ஹெர்ட்ஸ் அலையின் இரண்டு உச்சங்களுக்கு நடுவே 1000 மைக்ரோஃபாரட் கண்டன்சரில் 5 வோல்ட் வரை சரியும்; பெட்டி ரீசெட் ஆகிவிடும். 4700 போட்டால் சரிவு 1 வோல்ட்டுக்குச் சற்று மேல். அதாவது விளிம்பில் நிற்கிறது.

விளிம்பில் நிற்க யாருக்கும் மனமில்லை. 12 வோல்ட் டிரான்ஸ்பார்மருக்குத் தாவினார்கள். அதற்கு விலை வேறு. மின்சாரம் சீராக வரும் நாளில் 7805-இன் தலையில் 15 வோல்ட் நிற்கும். லோடு எடுப்பது 2.5 வாட், ரெகுலேட்டர் சூடாகக் கக்குவது 5 வாட். அந்தச் சூட்டில் பக்கத்திலிருக்கும் எலக்ட்ரோலிட்டிக் மெல்ல வற்றும். அலுமினிய எலக்ட்ரோலிட்டிக்கின் ஆயுள், வெப்பம் 10 டிகிரி கூடும்போதெல்லாம் பாதியாகும் என்பது பரவலாகப் பயன்படும் கணக்கு. 85 டிகிரியில் 2000 மணி நேரம் என்று விற்கும் பொருள், தகரக் கூரைக்குக் கீழே 65 டிகிரிக்குச் சூடேறிய பெட்டிக்குள் 8000 மணி நேரம் தாங்கும். இடைவிடாமல் ஓடினால் ஒரு வருடம்கூட இல்லை. அதே இடத்தில் 105 டிகிரி முத்திரை பெற்ற பொருள் 32,000 மணி நேரம் தரும். வோல்டேஜ் மதிப்பிலும் அப்படியே. மின்சாரம் 260-க்கு ஏறி, லோடும் இல்லாத நேரத்தில் கண்டன்சரில் 20 வோல்ட்டைத் தாண்டும். 16 வோல்ட் போட்டவர்கள் வெடிச்சத்தம் கேட்டார்கள். 25 போட்டவர்கள் தப்பித்தார்கள். 35 போட்டவர்கள் நிம்மதியாகத் தூங்கினார்கள்.

இந்த அனுபவமெல்லாம் ஒரே வாக்கியமாகச் சுருங்கித்தான் மேஸ்திரியிடமிருந்து ஹெல்ப்பர் பையனிடம் போய்ச் சேர்ந்தது: “தம்பி, கண்டன்சர் மாத்தும்போது ஒரு சைஸ் கூடப் போடு, குறைச்சு மட்டும் போடாதே.” அனுபவத்தில் விளைந்த நல்ல விதி அது. 7805 காலத்தில் அது யாரையும் ஏமாற்றவில்லை.

அந்த விதியை உடைத்தது கார்.

காலையில் வண்டியைக் கிளப்பும்போது ஸ்டார்ட்டர் மோட்டார் இழுக்கும் இழுப்பில் 12 வோல்ட் பேட்டரி 6 வோல்ட்டுக்கு அருகில் இறங்கிவிடும். 7 வோல்ட் கேட்கும் 7805 அந்த நொடியில் கைவிரிக்கும். வண்டிக்குள் மின்னணுப் பலகைகள் நுழையத் தொடங்கியபோது அமெரிக்க நிறுவனங்களை இந்தச் சிக்கல்தான் முதலில் மறித்தது. நேஷனல் செமிகண்டக்டரின் எல்.எம்.2930, பிறகு எல்.எம்.2940 ஆகியவை இதற்காகவே வந்தன. உள்ளே வருவதற்கும் வெளியே போவதற்கும் அரை வோல்ட் வித்தியாசம் இருந்தால் போதும். பேட்டரியைத் தலைகீழாக மாட்டினாலும் தாங்கும். இவற்றுக்குப் பொதுப்பெயர் லோ டிராப்அவுட் ரெகுலேட்டர், சுருக்கமாக எல்.டி.ஓ. வாகன உதிரிப்பாகத்தையே நம்பி வாழும் பாடி-அம்பத்தூர் வட்டாரத்துக்கு இதைவிடப் பொருத்தமான பாகம் வேறு என்ன இருக்கமுடியும்?

அந்த அரை வோல்ட்டைச் சாதிக்க, பெரிய டிரான்சிஸ்டரைத் திருப்பிப்போட்டார்கள். பி.என்.பி. வகையாக்கி, கலெக்டரை வெளிவாசல் ஆக்கினார்கள். கலெக்டர் வழியாக வெளியே வரும் சுற்றின் மின்மறுப்பு அதிகம். அந்த மறுப்பும் லோடும் வெளியே தொங்கும் கண்டன்சரும், அதாவது கெப்பாசிட்டரும், சேர்ந்து, பின்னூட்டத்தில் ஒரு தாமதத்தை உண்டாக்குகின்றன. டிரான்சிஸ்டருக்குள்ளும் பிழை பெருக்கிக்குள்ளும் ஏற்கெனவே சில தாமதங்கள் உள்ளன. எல்லாம் கூடி 180 டிகிரியை நெருங்கிவிட்டால், வெளியீடு சரியும்போது தூக்கவேண்டிய கை, அது ஏறும்போது தூக்கும். ரெகுலேட்டர் ஆசிலேட்டர் ஆகிவிடும்.

இங்கேதான் அந்த மூன்றாவது எண் வருகிறது. எந்தக் கெப்பாசிட்டரும் சுத்தமான கெப்பாசிட்டர் இல்லை. அதனோடு தொடராகக் கொஞ்சம் மின்தடை ஒட்டியிருக்கும். ஈ.எஸ்.ஆர். என்கிறோம். பவர் சப்ளைக்காரர்கள் இதைக் காலமெல்லாம் ஒரு குறையாகவே பார்த்தவர்கள். எல்.டி.ஓ. வடிவமைத்தவர்களோ அந்தக் குறையைக் கூலியில்லாத வேலையாளாக அமர்த்திக்கொண்டார்கள். குறிப்பிட்ட அலைவெண்ணுக்கு மேலே போனால் கெப்பாசிட்டர் வெறும் மின்தடையாக நடந்துகொள்ளும். அங்கிருந்து தாமதம் குறையத் தொடங்கும். வண்டியின் ஷாக் அப்சார்பரில் ஸ்பிரிங்குக்குத் துணையாக எண்ணெய் இருப்பதுபோல. எண்ணெய் வற்றினால் வண்டி குதிக்கும், மிகக் கெட்டியானால் இறுகிப்போகும்.

அந்த அலைவெண்ணைக் கண்டுபிடிப்பது எளிது. 10 மைக்ரோஃபாரட்டோடு 1 ஓம் ஒட்டியிருந்தால் அது 16 கிலோஹெர்ட்ஸ். வளையம் வேலை செய்யும் எல்லைக்குள் வசதியாக விழுகிறது. அதே 10 மைக்ரோஃபாரட் செராமிக்காக இருந்து மின்தடை 5 மில்லிஓம் என்றால் 3.2 மெகாஹெர்ட்ஸ்; உதவி வந்து சேர்வதற்குள் வளையம் ஆடித் தீர்த்துவிடும். எல்.எம்.2940 இதை ஒளிக்கவில்லை. வெளியீட்டில் குறைந்தது 22 மைக்ரோஃபாரட் வேண்டும், அதன் ஈ.எஸ்.ஆர். 0.1 ஓமுக்கும் 1 ஓமுக்கும் நடுவில் இருக்கவேண்டும் என்று டேட்டாஷீட்டிலேயே வரைபடம் போட்டுக் காட்டியிருக்கிறது. கீழ் எல்லை, மேல் எல்லை இரண்டும் உண்டு என்பதை அழுத்திச் சொல்லவேண்டும். “ஒரு சைஸ் கூட” என்ற விதிக்கு இந்த வரைபடத்தில் இடமே இல்லை.

மைக்ரோகண்ட்ரோலர்கள் 5 வோல்ட்டை விட்டு 3.3-க்கு இறங்கியதும் இந்தப் பிரச்சினை வாகனங்களைத் தாண்டி எல்லாப் பலகைக்கும் பரவியது. 1117 என்ற எண்ணைத் தாங்கிய ரெகுலேட்டரை இன்று அம்பத்தூரில் காணாத பெஞ்ச் இல்லை. பல நிறுவனங்கள் ஒரே எண்ணில் செய்கின்றன. ஏ.எம்.எஸ்.1117-இன் டேட்டாஷீட் 22 மைக்ரோஃபாரட் டாண்டலம் கெப்பாசிட்டர் கேட்கிறது. எல்.எம்.1117 குறைந்தது 10 மைக்ரோஃபாரட் டாண்டலமும், 0.3 முதல் 22 ஓம் வரை ஈ.எஸ்.ஆரும் கேட்கிறது. இதை வாசிக்காமல் செராமிக் போட்டால் என்ன ஆகும்? பெரும்பாலும் ஒன்றும் ஆகாததுபோலத் தெரியும். மல்டிமீட்டர் 3.30 என்று காட்டும், ஏனென்றால் அது சராசரியைத்தான் பார்க்கிறது. எடைத் தராசில் கடைசி இலக்கம் மட்டும் நிற்காமல் ஆடிக்கொண்டிருக்கும். மைக்ரோகண்ட்ரோலர் வாரத்துக்கு ஒருமுறை காரணமில்லாமல் ரீசெட் ஆகும். புரோகிராமைக் குறை சொல்வார்கள், எர்த்தைக் குறை சொல்வார்கள், பக்கத்து ஷெட்டின் வெல்டிங் மிஷினைக் குறை சொல்வார்கள். ஆசிலோஸ்கோப்பை ரெகுலேட்டரின் காலில் வைத்தால் கிலோஹெர்ட்ஸ் கணக்கில் ஒரு அலை தெளிவாக நிற்கும்.

இதில் நுட்பமான ஒரு பொறியும் உண்டு. ரெகுலேட்டர் பக்கத்தில் டாண்டலம் சரியாகவே இருக்கும். ஆனால் பலகை வரைந்தவர், பாதுகாப்புக்காக மைக்ரோகண்ட்ரோலர் அருகே 10 மைக்ரோஃபாரட் செராமிக் ஒன்றைச் சேர்த்திருப்பார். இரண்டும் ஒரே கம்பியில் இணையாக நிற்கின்றன. டாண்டலத்தின் மின்தடை ஈட்டித்தந்த நிலைத்தன்மையை அந்தச் செராமிக் பக்கவாட்டில் அரித்துவிடும். 0.1 மைக்ரோஃபாரட் எத்தனை போட்டாலும் பொதுவாகப் பிரச்சினை வராது. பெரியதைச் சேர்க்கும்போதுதான் கேட்டுவிட்டுச் சேர்க்கவேண்டும்.

பழுதுபார்ப்பவர்கள் இந்தப் பொறியில் விழுந்ததற்கு ஒரு வரலாற்றுக் காரணமும் இருக்கிறது. 2000-களின் தொடக்கத்தில் கம்ப்யூட்டர் மதர்போர்டுகளில் எலக்ட்ரோலிட்டிக்குகள் உலகெங்கும் உப்பி வெடித்தன. தரமற்ற எலக்ட்ரோலைட்டால் வந்த வினை. ரிச்சி தெருவில் “லோ ஈ.எஸ்.ஆர்.” என்று கேட்டு வாங்கும் பழக்கத்தை ஒரு தலைமுறைக்கே கற்றுத்தந்தது அந்தக் காலம். மதர்போர்டில் இருந்தது ஸ்விட்சிங் சப்ளை, அங்கே ஈ.எஸ்.ஆர். குறையக் குறைய நல்லது. அந்தச் சரியான பாடத்தை அப்படியே எல்.டி.ஓ. பலகைக்கும் தூக்கிவந்தபோது தவறாகிவிட்டது. கற்றவர்கள் மேல் இதில் குறையில்லை என்பேன். இரண்டு பலகையும் பவர் சப்ளைதான், இரண்டிலும் இருப்பது ஒரே மாதிரி உருளைதான். வித்தியாசத்தைச் சொல்லித்தர ஆளில்லை.

பூந்தமல்லி வழியாக மேற்கே போகும் நெடுஞ்சாலை இந்தக் கதையின் அடுத்த கட்டம். 2006-இல் ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா கைபேசி உற்பத்தி தொடங்கியது. அதைச் சுற்றி உதிரிப்பாக நிறுவனங்கள் வந்தன. கம்பெனி பஸ்களுக்காகச் சாலையோரங்களில் இளம்பெண்கள் காத்து நிற்பது இந்தப் பகுதியின் அன்றாடக் காட்சியானது. 2014 நவம்பரில் அந்த ஆலை மூடியது. பிறகு சார்ஜர் செய்யும் சால்காம்ப் அந்த வளாகத்தை எடுத்துக்கொண்டது. பக்கத்தில் ஃபாக்ஸ்கான் ஐபோன் செய்கிறது. கைபேசிக்குள் கட்டைவிரல் கண்டன்சருக்கு ஏது இடம்? ஒரு மில்லிமீட்டர் நீளச் செராமிக் சில்லுகள் ரீலில் சுற்றி வருகின்றன. இயந்திரம் அவற்றை எடுத்து வைக்கிறது.

செராமிக்குக்கு மாறியதற்கு இடம் மட்டுமே காரணமில்லை. 2000-இல் கைபேசிச் சந்தை வீங்கியபோது டாண்டலத்துக்கு உலகளவில் தட்டுப்பாடு வந்து விலை எகிறியது. அந்தத் தாதுவின் ஒரு பகுதி காங்கோவின் போர்ப் பகுதிகளிலிருந்து வருகிறது என்ற அறக்கேள்வியும் எழுந்தது. 2010-இல் அமெரிக்கா இதற்கென்றே சட்டப்பிரிவு கொண்டுவந்தது. மின்னழுத்தத்தில் தாராளமாக இடம்விடாமல் போட்ட டாண்டலம் ஷார்ட் ஆகித் தீப்பிடிக்கும் என்ற பயம் ஏற்கெனவே இருந்தது. எல்லாம் சேர்ந்து சிப் வடிவமைப்பாளர்களை நெருக்கின. செராமிக்கை வைத்தாலும் ஆடாத எல்.டி.ஓ.க்கள் வரிசையாக வந்தன. வெளியே இருந்து கிடைத்த மின்தடையின் உதவியைச் சிப்புக்குள்ளேயே செய்துகொண்டார்கள். மைக்ரோசிப்பின் எம்.சி.பி.1700-ஐ எடுத்துக்கொண்டால், 1 மைக்ரோஃபாரட் போதும், ஈ.எஸ்.ஆர். பூஜ்யத்திலிருந்து 2 ஓம் வரை எதுவும் இருக்கலாம்.

ஆக இன்று ஒரே பெஞ்சில் மூன்று தலைமுறை கலந்து கிடக்கிறது: எதையும் தாங்கும் 7805, ஈ.எஸ்.ஆர். கேட்கும் 1117, செராமிக்கையே விரும்பும் புதிய எல்.டி.ஓ. ஒன்றுக்குச் சரியான கெப்பாசிட்டர் மற்றொன்றுக்குச் சரியாக இருக்கவேண்டும் என்பதில்லை. உடல் அமைப்பும் கால்களும் பல நேரங்களில் ஒன்றாகவே இருப்பதால் மாற்றிப்போடும் ஆசையும் அதிகம்.

ஆவடியை நினைத்தால் இதில் வெப்பநிலையையும் சேர்க்கவேண்டியிருக்கிறது. கனரக வாகனத் தொழிற்சாலை 1960-களில் இருந்து அங்கே டாங்கிகள் செய்கிறது. வாகன ஆராய்ச்சி நிறுவனமான சி.வி.ஆர்.டி.இ.யும் அங்கேதான். அங்கிருந்து புறப்படும் வாகனம் ராஜஸ்தான் மணலிலும் நிற்கும், லடாக் பனியிலும் நிற்கும். கடுங்குளிரில் அலுமினிய எலக்ட்ரோலிட்டிக்கின் திரவம் தடித்து, ஈ.எஸ்.ஆர். பல மடங்கு எகிறும். சென்னை வெயிலில் அரை ஓம் காட்டி எல்லைக்குள் அமைதியாக இருந்தது, பூஜ்யத்துக்குக் கீழே பல டிகிரி போனதும் மேல் எல்லையைத் தாண்டிவிடும். டாண்டலத்தின் ஈ.எஸ்.ஆர். குளிரில் அவ்வளவு மாறாது. ராணுவத்துக்கோ வடக்கே ஓடும் லாரிக்கோ பலகை செய்பவர், சென்னை அறை வெப்பத்தில் சோதித்துவிட்டுச் சீல் வைத்தால் பாதி வேலைதான் முடிந்திருக்கிறது.

செராமிக்கிலும் மேலே தெரியாத கணக்குகள் உண்டு. சில்லின் மேல் எதுவும் அச்சிட்டே இருக்காது; ரீலின் லேபிளை விட்டால் அடையாளம் போயிற்று. எக்ஸ்7ஆர் வகை, மைனஸ் 55-லிருந்து 125 டிகிரி வரை 15 சதவீதத்துக்குள் நிற்கும். ஒய்5வி வகை, தன் வெப்ப எல்லைக்குள்ளேயே 82 சதவீதம் வரை இழக்கலாம். போதாததற்கு, வோல்டேஜ் கொடுத்தாலே செராமிக்கின் கொள்ளளவு குறையும். மிகச் சிறிய அளவில் வரும் 6.3 வோல்ட் 10 மைக்ரோஃபாரட், 5 வோல்ட் ஏறியதும் பாதிக்கும் கீழே போய்விடலாம். “குறைந்தது 4.7 வேண்டும்” என்று கேட்ட ரெகுலேட்டருக்கு 10 கொடுத்ததாக நினைத்துக்கொண்டிருப்போம். இந்த இடத்தில் பழைய மேஸ்திரியின் சொல் திரும்ப உயிர்பெறுகிறது: வோல்ட்டில் ஒரு சைஸ் கூட, உருவத்திலும் ஒரு சைஸ் கூடப் போடுவது செராமிக்குக்கு நல்லதே.

இப்போது கெப்பாசிட்டரைத் தேர்ந்தெடுப்பவர் யார்? அன்று சால்டரிங் அயர்ன் பிடித்தவரே ரிச்சி தெருவுக்குப் போய் வாங்கிவந்தார். இன்று வடிவமைப்பவர் ஓரிடத்தில், வாங்குபவர் வேறிடத்தில், பலகை ஏற்றுபவர் மூன்றாவது இடத்தில். 2018-இல் செராமிக்குக்கும் உலகளவில் தட்டுப்பாடு வந்தது. அப்படிப்பட்ட நேரத்தில் பர்சேஸ் மேசைக்கு ஒரு கேள்வி வரும்: “அந்தப் பார்ட் இல்லை, சமமானது இருக்கிறது, போடலாமா?” மைக்ரோஃபாரட் சரி, வோல்ட் சரி, அளவும் சரி. ஈ.எஸ்.ஆரைப் பார்க்கும் கட்டம் அந்தப் படிவத்தில் பெரும்பாலும் இருக்காது. என் அபிப்பிராயத்தில் இந்த வட்டாரச் சிறு நிறுவனங்கள் உடனே செய்யக்கூடிய மிகப் பயனுள்ள திருத்தம், பாகங்களின் பட்டியலில் ரெகுலேட்டரின் வெளியீட்டுக் கெப்பாசிட்டருக்கு எதிரே ஒரு வரி சேர்ப்பது: வகை இது, ஈ.எஸ்.ஆர். எல்லை இது, கேட்காமல் மாற்றக்கூடாது. டிப்ளமோ ஆய்வகங்களில் 7805 சோதனை இன்றும் நடக்கிறது. நடக்கட்டும், நல்ல சோதனைதான். அதற்குப் பக்கத்தில் ஒரு 1117-ஐயும், ஒரு டாண்டலம், ஒரு செராமிக், ஒரு அரை ஓம் மின்தடையையும் வைத்தால் மாணவர் ஒரு பிற்பகலில் முழுக் கதையையும் கண்ணால் பார்த்துவிடுவார். அந்த அரை ஓமைச் செராமிக்கோடு தொடராகச் சேர்த்ததும் ஆட்டம் அடங்கும்.

பார்ப்பதற்கான கருவி ஒருகாலத்தில் அரிது. இந்தூரில் செய்த 20 மெகாஹெர்ட்ஸ் சயின்டிஃபிக் ஆசிலோஸ்கோப் ஒன்று யூனிட்டில் இருந்தால் அதைத் துணி போட்டு மூடிவைத்துக் காப்பாற்றுவார்கள். இன்று டிஜிட்டல் ஸ்கோப் சிறு பட்டறைக்கும் எட்டும் விலையில் கிடைக்கிறது. சோதனைக்கு வேறு பெரிதாக ஒன்றும் தேவையில்லை. ரெகுலேட்டரின் வெளியீட்டில் ஒரு மின்தடையையும் அதைச் சேர்த்துப் பிரிக்க ஒரு மாஸ்ஃபெட்டையும் வையுங்கள். லோடு பத்தில் ஒரு பங்கிலிருந்து முழு அளவுக்குச் சடக்கென்று தாவவேண்டும். ஸ்கோப்பை ஏ.சி.யில் வைத்து, கிரவுண்டு கம்பியைக் குட்டையாகப் பிடித்து, ரெகுலேட்டரின் கால் அருகிலேயே பாருங்கள். வோல்டேஜ் ஒருமுறை குழிந்து நேராகத் திரும்பினால் நல்லது. ஒன்றிரண்டு முறை அசைந்து அடங்கினால் ஏற்கலாம். நாலைந்து முறை ஆடிவிட்டு அடங்கினால், அது இன்று அடங்கியிருக்கிறது என்றுதான் பொருள். கெப்பாசிட்டர் வற்றும்போதோ வேறு ரீலிலிருந்து வரும்போதோ அடங்காமல் போகலாம். குறைந்த லோடு, முழு லோடு, குறைந்த உள்ளீடு, அதிக உள்ளீடு, ஹேர் டிரையர் காட்டிய சூடு, ஃப்ரீசரில் வைத்து எடுத்த குளிர் என ஒவ்வொன்றிலும் ஒருமுறை பாருங்கள். புதிய ரீல் வந்தால் மறுபடியும் பாருங்கள்.